ஓரங்கட்டி நங்கூரம் போட்ட இடம்

வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் கோடிப் பேர் இருக்கலாம். வண்டியை நிறுத்தத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் பெரம்பலூரில் எங்கள் ஆபீஸ் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்பதற்காகக் கொஞ்சம் ஏற்றிச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அவரோடு ஒரே ஒரு தடவை பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரைக்கும் போயிருந்தால் நீங்களே சூடம் அணைத்துச் சத்தியம் செய்வீர்கள். பஸ் ஒரு மணி நேரத்தில் போய்விடும் தூரம்தான். நாங்கள் காலை டிபனை முடித்துக்கொண்டு கிளம்பினால், அரியலூரில் மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போடும்போது போய் இறங்குவோம்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். நாங்கள் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. முகத்துக்கு நேரே 'டிரைவர் அண்ணே', முதுகுக்குப் பின்னால் 'ஓரங்கட்டி'. வண்டியை ஓரங்கட்டுவதற்கு அந்த மனிதர் பட்ட பாடு அப்படி. ஊர் ஊராகப் போய்ப் பார்வையிட்டு எழுதுகிற ஆபீஸ் எங்களுடையது. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிற மனுஷன் நான். அங்கே நான் அப்போது இளநிலை உதவியாளன். பெரம்பலூர் தனி மாவட்டமாகி மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது.

ஒரு இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டுமென்றால் ஓரங்கட்டி முதலில் விரலை நாக்கில் தொட்டு ஜன்னலுக்கு வெளியே நீட்டுவார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிய வேண்டும். அப்புறம் மண்ணைப் பார்ப்பார். எங்கள் பக்கம் கரிசல், மழை பெய்தால் சக்கரம் உள்ளே போய்விடும். பிறகு நிழல். இப்போது இருக்கிற நிழல் இல்லை, அரை மணி நேரம் கழித்து நிழல் எங்கே நகர்ந்திருக்கும் என்கிற கணக்கு. கடைசியாக, கிளம்பும்போது வண்டியைத் திருப்பாமல் அப்படியே ரோட்டில் ஏற வழி உண்டா என்று பார்ப்பார். இந்த நான்கும் பொருந்தாத இடத்தில் கலெக்டரே கையைக் காட்டினாலும் அவர் பிரேக்கைத் தொட மாட்டார்.

எங்கள் ஹெட்கிளார்க் ஒரு டீ பைத்தியம். கல்லங்குறிச்சி ரோட்டில் ஒரு டீக்கடையைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னார். காற்று தெற்கிலிருந்து அடிக்கிறது, சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று போனால் போதும், டீயில் சுண்ணாம்பு விழும் என்று ஓரங்கட்டி மறுத்துவிட்டார். விழட்டும், எனக்கு வெற்றிலைக்கு ஆகும், நிறுத்தய்யா என்று ஹெட்கிளார்க் கெஞ்சினார். வண்டி நிற்கவில்லை. அன்றைக்கு ஹெட்கிளார்க் டீ குடித்தது உடையார்பாளையத்தில்.

இன்னொரு நாள் பின்சக்கரம் பஞ்சர். டயர் தொப் தொப்பென்று அடிக்கிறது, ஜீப் நொண்டுகிறது, இவர் பாட்டுக்கு அரை கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு போகிறார். என்னண்ணே இது என்று கேட்டேன். "பஞ்சர்னா என்ன தம்பி, நிக்கிற எடம் நல்லாருக்க வேணாமா?" என்றார். ஒரு புளியமரத்தடி அமைந்த பிறகுதான் ஜாக்கி வெளியே வந்தது.

அவர் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக் காரைக்கூட அவரேதான் ஓட்டினாராம். மண்டபத்து வாசலில் நிறுத்த மனசு வராமல் மூன்று சுற்றுச் சுற்றவும், பெண் வீட்டார் மாப்பிள்ளை ஓடப் பார்க்கிறார் என்று முடிவு கட்டி சைக்கிளில் துரத்தினார்களாம். இது அவர் மனைவி சொல்லி எனக்குத் தெரியும்.

வண்டி நின்ற பிறகுதான் உண்மையான கூத்து ஆரம்பிக்கும். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கம்பை எடுத்துக்கொண்டு புதருக்குள் நடப்பார். தரையைத் தட்டுவார், செடியை விலக்குவார், ஐந்து நிமிஷம் ஆளைக் காணோம். சில சமயம் திரும்பி வந்து, "சரியில்லிங்க" என்று மறுபடியும் வண்டியைக் கிளப்பிவிடுவார். பீடி குடிக்கப் போகிறார் என்பது ஹெட்கிளார்க்கின் கட்சி. ஏதோ புதையலைத் தேடுகிறார் என்பது என் கட்சி.

இடம் சரிப்பட்டுவிட்டால் பானெட் திறக்கும். எஞ்சின் சூடாகிவிட்டது, கால் மணி நேரம் ஆகும் என்பார். மார்கழி மாதம், பனி கண்ணை மறைக்கும், அப்போதும் எஞ்சின் சூடாகத்தான் இருக்கும். பிறகு டைப்பிஸ்ட் சரோஜா அக்காவைப் பார்த்து, மாறாமல் ஒரே வாக்கியம்:

"அக்கா, அந்தப் பக்கம் ஒரு கெணறு இருக்கு. பாத்துட்டு வாங்க."

சரோஜா அக்கா உடனே இறங்குவார். வண்டியில் வேறு பெண்கள் இருந்தால் அவர்களும் கூடவே போவார்கள். நாங்களும் அந்தக் கிணற்றைப் பார்க்கலாமென்று கிளம்பினால் ஓரங்கட்டி விட மாட்டார். "சார், அங்க ஒண்ணுமில்ல. இப்படி வந்து இந்த பெல்ட்டைப் பாருங்க" என்று எங்களை பானெட்டுக்குள் குனிய வைத்துவிடுவார். எங்கள் ஆபீஸ் ஆண்கள் அந்த ஃபேன் பெல்ட்டைப் பார்த்த அளவுக்கு எந்த ஃபைலையும் பார்த்ததில்லை. ஊரில் தண்ணீர்ப் பஞ்சம், அதனால் பெண்களுக்குக் கிணற்றைப் பார்த்தால் ஒரு ஆசை என்று ஹெட்கிளார்க் விளக்கம் சொன்னார். நானும் மண்டையை ஆட்டினேன். பி.ஏ. படித்தவன் நான்.

இத்தனை அலட்டலுக்கும் ஓரங்கட்டி நிரந்தர ஊழியர்கூட இல்லை. தினக்கூலி. பதினோரு வருடமாகத் தற்காலிகம். அவரை நிரந்தரமாக்கலாம் என்று ஆபீசர் ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று ஆபீசர்கள் வந்தார்கள், பார்க்கலாம் என்றார்கள், மாற்றலாகிப் போனார்கள். வயது வரம்பு தாண்ட அவருக்கு இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. அதற்குள் கையெழுத்து விழவில்லையென்றால் ஆயுசுக்கும் தினக்கூலிதான். அந்த ஃபைல் என் மேஜையில் இருந்தது. தினமும் சாயங்காலம் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு என் மேஜைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். வாய் திறந்து கேட்க மாட்டார். நானும் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டுவேன்.

அப்போதுதான் புதிய ஆபீசர் வந்தார். தருமபுரிப் பக்கத்துப் பெண்மணி. மேடம் என்றால் கடிகாரம். ஊர்களைப் பார்வையிட முகாம் கிளம்பும் நாளில் டீ வேண்டாம், இளநீர் வேண்டாம், பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம். ஏதோ விரதம் போலிருக்கிறது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ஓரங்கட்டி முதல் முகாமிலேயே முந்திரித் தோப்பு ஒன்றில் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, "மேடம், அந்தப் பக்கம் ஒரு கெணறு இருக்குங்க" என்றார். கிணற்றில் என்ன இருக்கிறது, நேரமாகிறது, வண்டியை எடுங்கள் என்று மேடம் சொல்லிவிட்டார். கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். 'தேவையற்ற நிறுத்தம்' என்று எழுதியிருந்தது. அடுத்தடுத்த முகாம்களில் அந்தத் தலைப்புக்குக் கீழே வரிகள் கூடிக்கொண்டே போயின. சரோஜா அக்கா ஒருமுறை மேடத்திடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் நாங்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு மென்று முழுங்கிவிட்டார்.

நான் ஃபைலைக் கொண்டுபோய் வைத்தபோது மேடம், யோசிக்க வேண்டும், திங்கட்கிழமை சொல்கிறேன் என்றார். அது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஸ்டாஃப் டூர்.

டூர் ஹெட்கிளார்க்கின் ஏற்பாடு. அவருடைய சம்பந்தி பட்டுக்கோட்டையில் இருந்தார். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகு ஒன்று பேசிக் கொடுத்திருந்தார். படகில் போய், நல்ல இடமாகப் பார்த்து நங்கூரம் போட்டு, கட்டுச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியது. மரியாதைக்காக மேடத்தையும் கூப்பிட்டோம். வர மாட்டார் என்று நம்பித்தான் கூப்பிட்டோம். வந்துவிட்டார். படகில் ஏறியதே இல்லையாம். எங்களில் மட்டும் யார் ஏறியிருக்கிறோம்? பெரம்பலூரில் ரயிலே கிடையாது, படகுக்கு எங்கே போவது? அரியலூரே ஒரு காலத்தில் கடலாக இருந்ததுதானே, சுரங்கத்தில் இன்னும் கிளிஞ்சல் கிடைக்கிறதே, நமக்கென்ன பயம் என்று ஹெட்கிளார்க் தைரியம் சொன்னார்.

விடியற்காலையில் வேனில் கிளம்பினோம். வழியில் இரண்டே இரண்டு தடவைதான் நிறுத்துவேன் என்று ஓரங்கட்டியிடம் ஹெட்கிளார்க் சத்தியம் வாங்கியிருந்தார். பாவம், அவரும் காப்பாற்றினார். இரண்டு தடவையும் கிணறு இருந்தது. இரண்டு தடவையும் மேடம் இறங்கவில்லை. முத்துப்பேட்டையில் படகு ஏறும்போது மணி பத்து. நாங்கள் பதினோரு பேர், அதில் பெண்கள் நாலு பேர். படகுக்கார பாய்க்கு ஐம்பது வயதிருக்கும், நிதானமான மனிதர்.

ஆறு முடிந்து காயல் விரிந்தது. நான் அப்படி ஒரு அகலத்தைப் பார்த்ததே இல்லை.  எல்லாப் படகும் நிற்கிற இடம் இதுதான் என்று பாய் எஞ்சினை அணைக்கப் போனார். படகின் முனையிலிருந்து ஒரு குரல்.

"இங்க வேணாங்க பாய். காத்து நேரா மூஞ்சியில அடிக்குது."

ஓரங்கட்டி எழுந்து நின்று விரலை நாக்கில் தொட்டு நீட்டிக்கொண்டிருந்தார்.  நாளைக்குக் கையெழுத்துப் போட வேண்டிய அம்மா எதிரே உட்கார்ந்திருக்கிறார், இந்த மனிதர் கடலிலும் ஓரங்கட்டக் கிளம்பிவிட்டார்.

இரண்டாவது இடத்தில் வலை போட்டிருந்தார்கள், ஆள் நடமாட்டம் அதிகம், வேண்டாம் என்றார். மூன்றாவது இடத்தில் மரம் முழுக்கக் கொக்கு, சாப்பாட்டில் விழும் என்றார். அது நியாயம்தான். நான்காவது இடத்தில் பாயின் கழியை வாங்கித் தண்ணீருக்குள் குத்திப் பார்த்தார், நுனியில் ஒட்டிய சேற்றை முகர்ந்து பார்த்தார், கால் வைக்க இடமில்லை என்றார். தென்னைநார் ஒன்றைத் தண்ணீரில் போட்டு அது எந்தப் பக்கம் போகிறது என்றும் பார்த்தார். பாய்க்கே சந்தேகம் வந்துவிட்டது. நீங்கள் கப்பலில் இருந்தவரா என்று கேட்டார். "இல்லிங்க, ஜீப்பு" என்றார் ஓரங்கட்டி.

மேடம் நோட்டை வெளியே எடுத்துவிட்டார்.

ஐந்தாவதாக ஓர் இடம். தண்ணீர் உள்ளே வளைந்து போய் ஒதுங்கி நின்றது. மூன்று பக்கமும் மரம், காற்றே இல்லை, எங்கள் ஊர் ஏரி மாதிரி அசையாமல் கிடந்தது. ஒரு பக்கத்தில் சின்னத் திட்டு. கிளிஞ்சல் மண், மேடாகக் கெட்டியாக இருந்தது. அதன் மேல் இடிந்துபோன குட்டிச்சுவர் ஒன்று. அதைப் பார்த்ததும் ஓரங்கட்டியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. பாய் தலையைச் சொறிந்தார். தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிட்டது, இங்கே அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்றார். ஓரங்கட்டி சிரித்துவிட்டார்.

"எங்கூரு ஏரியில தண்ணி எறங்கவே மாசி பங்குனி ஆவும் பாய். அரை மணி நேரத்துல எங்க எறங்கப் போவுது?"

ஹெட்கிளார்க்கும் அதையே சொன்னார். நாங்கள் எல்லோரும் அதையே சொன்னோம். பெரம்பலூர்க்காரன் பத்துப் பேர் ஒரே குரலில் பேசினால் ஒரு பாய் என்ன செய்வார்? நங்கூரத்தைப் போட்டார். அது போதாதென்று ஓரங்கட்டி படகின் முன்கயிற்றையும் ஒரு மரத்தோடு சேர்த்து, மாட்டைக் கட்டுவதைப் போல இழுத்துக் கட்டினார். கம்பை எடுத்துக்கொண்டு திட்டில் குதித்து மரங்களுக்குள் மறைந்தார்.

நாங்கள் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். பாய்க்கும் புளிசாதம் வைத்து, வேண்டாம் வேண்டாமென்றவரை உட்கார வைத்து, ஹெட்கிளார்க் உபசாரம் செய்தார். அரியலூர்க் கடல் கதையை முதலிலிருந்து சொன்னார். அரை மணி நேரம் போனது யாருக்கும் தெரியவில்லை. அடுத்த அரை மணி நேரமும் அப்படித்தான் போனது.

தயிர்சாதப் பாத்திரம் தானாக நகர்ந்தது. முதலில் அதைப் பார்த்தது நான்தான். மெதுவாக என்னைக் கடந்து போனது. அதன் பின்னாலேயே ஹெட்கிளார்க் உட்கார்ந்த வாக்கில் வழுக்கிக்கொண்டு போனார். படகின் முன்பக்கம் கயிற்றில் தொங்கியது, பின்பக்கம் சேற்றில் உட்கார்ந்திருந்தது. எட்டிப் பார்த்தால் தண்ணீரைக் காணோம். கண்ணுக்கெட்டிய வரை சேறு.

"எவன்யா மதகத் தொறந்தது?" என்றார் ஹெட்கிளார்க்.

சிரிக்காதீர்கள். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் தானாக இறங்கி எவன் பார்த்தான்? ஒரு மணி நேரத்தில் ஏரி வடிந்தால் எவனோ மதகைத் திறந்துவிட்டான் என்றுதான் அர்த்தம். எல்லோரும் எழுந்து நின்று நாலு பக்கமும் மதகைத் தேடினோம். ஹெட்கிளார்க் என்னைப் பார்த்து, ஓடிப்போய் மதகுக்காவல் லஸ்கரைக் கண்டுபிடித்து மூடச் சொல் என்றார். பாய் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"எந்த ஊருன்னு சொன்னீங்க?"

"பெரம்பலூருங்க."

"அப்ப சரி" என்றார் பாய்.

பிறகு பொறுமையாக விளக்கினார். கடல் தண்ணீர் தினமும் ஏறும், இறங்கும். திறக்கவும் மூடவும் ஆள் கிடையாது. அஞ்சு மணிவாக்கில் இன்ஷா அல்லா தண்ணீர் ஏறிவிடும், படகு மிதக்கும். ஹெட்கிளார்க்குக்கு இன்ஷா அல்லா போதவில்லை, உறுதியாகத் தெரிய வேண்டியிருந்தது. "அரியலூர்லயும் இப்படித்தான் எறங்கிச்சு பாய். இன்னும் திரும்பி வரலியே" என்றார். அவர் குரலில் நிஜமாகவே அழுகை இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஓரங்கட்டி திட்டிலிருந்து சிரித்த முகமாக வந்தார். இடம் பிரமாதமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தவர் படகைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. பதினோரு வருடத்தில் அவர் நிறுத்திய வண்டி கிளம்பாமல் போனதே இல்லை.

  மேடம் நோட்டில் நேரத்தைக் குறித்துவிட்டு மூடி வைத்தார்.

"அந்த ஃபைல்ல என்ன எழுதணும்னு யோசிச்சிட்டிருந்தேன். இனிமே யோசிக்க வேண்டியதில்ல" என்றார்.

ஓரங்கட்டிக்கு அது கேட்டது.  தலையைக் குனிந்துகொண்டு சேற்றில் முழங்கால் வரைக்கும் நின்றார்.  அவரைக் கேலி பேசியதில் முதல் ஆள் நான்தான். அந்த நிமிஷத்தில் அதற்காக என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வெயில் ஏறியது. படகில் இரண்டு கேன் தண்ணீர் இருந்தது. ஆண்கள் மொண்டு மொண்டு குடித்தோம். சரோஜா அக்காவும் மற்றப் பெண்களும் தொடவில்லை. மேடம் விடியற்காலையிலிருந்தே தொடவில்லை. உதடு வெளுத்துப்போய், காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் நாலு மணி நேரம்.

ஓரங்கட்டி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு யாரையும் கேட்காமல் வேலையை ஆரம்பித்தார். படகின் அடிப்பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, படகிலிருந்து திட்டு வரைக்கும் சேற்றின் மேல் வரிசையாகப் போட்டார். மிதித்துப் பார்த்தார், ஆடிய பலகைக்குக் கீழே குச்சியைச் செருகினார். நிழலுக்குக் கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டு போய்க் குட்டிச்சுவரைச் சுற்றிக் கட்டினார். ஒரு கேன் தண்ணீரையும் குவளையையும் உள்ளே வைத்தார். கம்பால் தரையெல்லாம் தட்டினார். திரும்பி வந்து ஆண்கள் பக்கம் நின்றார்.

"சார், எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பி நண்டைப் பாருங்க."

எதற்கு நண்டு என்று ஹெட்கிளார்க் கேட்டார். பாருங்க சார் என்று ஓரங்கட்டி அதட்டினார். ஹெட்கிளார்க்கை ஒரு டிரைவர் அதட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான். மற்ற ஆறு ஆண்களும் கடலைப் பார்க்கத் திரும்பினோம். பாயும் திரும்பிக்கொண்டார். சேற்றில் ஒற்றைக் கொடுக்கு பெருத்த குட்டி நண்டுகள் கையைக் கையை ஆட்டிக்கொண்டிருந்தன. முதுகுக்குப் பின்னால் ஓரங்கட்டியின் குரல் கேட்டது.

"அக்கா, அந்தப் பக்கம் ஒரு கெணறு இருக்கு. மேடத்தையும் கூட்டிட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்க."

கடலுக்கு நடுவில் என்ன கிணறு?

அப்போதுதான் என் மரமண்டையில் உறைத்தது. முந்திரித் தோப்புக் கிணறு, புளியமரத்தடிக் கிணறு, உடையார்பாளையத்துக் கிணறு. பதினோரு வருடம். அத்தனை புதருக்குள்ளும் கம்பால் தட்டிப் பாம்பு இருக்கிறதா, முள் இருக்கிறதா, ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிறதா என்று முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்த மனிதர். சூடே ஆகாத எஞ்சின். நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ஃபேன் பெல்ட். எங்கள் பக்கத்து ரோட்டில் அந்த நாளில் பெண்கள் ஒதுங்குவதற்கு ஓர் இடம் கிடையாது. ஆண்களுக்கு ஊரே இடம். நாங்கள் அதை யோசித்ததே இல்லை. யோசித்தவரை ஓரங்கட்டி என்று கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம். வெட்கத்தில் அந்த நண்டுகளின் முகத்தில்கூட என்னால் முழிக்க முடியவில்லை.

பலகையில் நடக்கும் சத்தம் கேட்டது. முதலில் ஒரு ஆள். அப்புறம் சரோஜா அக்கா ஏதோ மெல்லச் சொல்வது கேட்டது. கொஞ்சம் கழித்து, தயங்கித் தயங்கி இன்னொரு ஆள் நடக்கும் சத்தம்.

கால் மணி நேரம் கழித்து எல்லோரும் திரும்பி வந்தார்கள். மேடம் தன் இடத்தில் உட்கார்ந்தார். "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். ஒரு சொம்பு குடித்தார். இன்னொரு சொம்பு கேட்டார். பிறகு தயிர்சாதம் மிச்சமிருக்கிறதா என்று விசாரித்தார். மேடம் சாப்பிட்டதை நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஓரங்கட்டி கடைசி வரைக்கும் பலகைகளின் ஓரமாக, எங்கள் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சேற்றிலேயே நின்றார். அன்று சாயங்காலத்துக்குள் பெண்கள் இன்னும் இரண்டு தடவை கிணற்றைப் பார்த்தார்கள். நாங்கள் நண்டைப் பார்த்தோம். நடுவில் இருக்கிற பெரிய நண்டு நம் பழைய ஆபீசர் மாதிரியே கையை ஆட்டுகிறது என்று ஹெட்கிளார்க் சொன்னார். அவருக்குக் கடைசி வரைக்கும் விஷயம் புரியவில்லை.

பாய் சொன்ன மாதிரியே ஐந்து மணிக்குத் தண்ணீர் வந்தது. சத்தமில்லாமல் வந்து படகைத் தூக்கியது.  ஊர் திரும்பும் வழியில் ஓரங்கட்டி வேனை எங்கேயும் நிறுத்தவில்லை. பட்டுக்கோட்டை தாண்டி மேடம்தான், "டிரைவர், கெணறு ஏதாவது இருந்தா நிறுத்துங்க" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

திங்கட்கிழமை காலை மேடம் என்னைக் கூப்பிட்டார். ஃபைல் திறந்து கிடந்தது. டிரைவர் எவ்வளவு நாளாக இப்படிக் கிணறு காட்டுகிறார் என்று கேட்டார். பதினோரு வருஷமாக, மேடம் என்றேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் வேலைக்கு வந்து இருபது வருஷமாச்சு. முகாம்னா முந்தின ராத்திரியிலேர்ந்தே தண்ணி குடிக்க மாட்டேன். ரெண்டு தடவை கல்லடைப்பு வந்து ஆஸ்பத்திரியில படுத்திருக்கேன். எந்த ஆபீஸ்லயும் யாரும் கேட்டதில்ல" என்றார்.

குறிப்பை டைப் அடிக்க சரோஜா அக்காவிடம் கொடுத்தேன். இரண்டே வரி. தப்பில்லாமல் அடிப்பதில் ஜில்லாவிலேயே பேர் வாங்கிய அக்கா அன்றைக்கு மூன்று தாளை வீணாக்கினார். கண்ணைத் துடைக்கிற கையால் எப்படி அடிப்பது? குறிப்பு இதுதான்: 'இவர் வண்டியை எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்தவர். இவரை நிரந்தரமாக்கப் பரிந்துரைக்கிறேன்.' கீழே மேடத்தின் கையெழுத்து.

சாயங்காலம் ஓரங்கட்டி சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வழக்கம்போல என் மேஜையைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் மாட்டிய சாவியைக் கழற்றி மறுபடியும் மாட்டினார்.  சொன்னது நன்றி இல்லை.

"மேடத்துக்கிட்ட ஒண்ணு சொல்லிடுங்க தம்பி. தண்ணி அப்படி எறங்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

பிற்பாடு அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று உடையார்பாளையம் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டார். அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமான சமயம், என் மனைவிக்கு ஏழாவது மாதம். வாடகைக் காரில் ஜெயங்கொண்டத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பாதி வழியில் அவள் என் காதருகே வந்து, எங்கேயாவது நிறுத்தச் சொல்லுங்களேன் என்றாள். டிரைவர் சின்னப் பையன், நேராக ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தப் பார்த்தான். வேண்டாம், போ என்றேன். செல்போனில் ஓரங்கட்டியைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும், எந்தக் கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் போங்கள், இடதுகைப் பக்கம் முந்திரித் தோப்பு வரும், வேலி ஓரமாக உள்ளே வழி இருக்கும், முதலில் நீங்கள் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்.

"அங்க கெணறு இருக்காண்ணே?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம். "இல்ல தம்பி. ஆனா தங்கச்சிக்கிட்ட கெணத்தப் பாத்துட்டு வான்னுதான் சொல்லணும்" என்றார்.

தோப்புக்குள் கம்பால் தட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்தேன். திரும்பி வந்து மனைவியிடம் கிணற்றைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். டிரைவர் பையனைக் கூப்பிட்டு பானெட்டைத் திறக்கச் சொன்னேன். வண்டிக்கு ஒன்றுமில்லையே சார் என்றான். இருந்தாலும் திற என்றேன். எஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு எழவும் தெரியாது. தோப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் நிற்கிற மாதிரியே நின்று, அந்தப் பையனோடு சேர்ந்து ஃபேன் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.